ஒரு லிட்டர் பெட்ரோலும் ஒரு நாள் கூலியும்

திருப்பூர்ச் சீமையில் ஒருவர் புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கினால், அதன் நிறம் என்ன, வேகம் என்ன என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "வண்டி எத்தனை கொடுக்குதுங்க?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பது அந்தக் கேள்வியின் பொருள். பால் மாட்டைப் பற்றிக் கேட்பது போலவே வண்டியைப் பற்றியும் கேட்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. மாடு எத்தனை கறக்கிறது, வண்டி எத்தனை கொடுக்கிறது என்ற இரண்டு கணக்குகளில்தான் பல குடும்பங்களின் மாத வரவு செலவு அடங்கியிருக்கிறது.

பட்டணத்து மனிதர்களுக்கு இது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். உண்மையில் இது கூலியைப் பற்றிய கேள்வி. கூலி உயரும்போது நாலு பேருக்குத் தெரிகிறது. சங்கங்கள் பேசுகின்றன, ஒப்பந்தம் கையெழுத்தாகிறது, பத்திரிகைகளில் செய்தி வருகிறது. கூலி பெட்ரோல் டாங்கியின் வழியாகக் கரைந்து போவது யாருக்கும் தெரிவதில்லை. அந்தக் கரைசலின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம்.

எண்பது கிலோமீட்டர் கணக்கு

உடுமலைப்பேட்டை ரயில் நிலையம் திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சிப் பாதையில் இருக்கிறது. திருப்பூர் ரயில் நிலையம் ஈரோடு, கோவைப் பாதையில் இருக்கிறது. இரண்டு ஊர்களும் ஒரே ஜில்லாவில் இருந்தும் நேர் ரயில் பாதை இல்லை. 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமானபோது உடுமலை அதில் சேர்ந்தது. ஜில்லாத் தலைநகருக்குப் போக வேண்டுமானாலும், பனியன் கம்பெனிக்குப் போக வேண்டுமானாலும் சாலைதான் கதி.

பெதப்பம்பட்டி, குடிமங்கலம் வட்டாரத்துக் கிராமத்திலிருந்து வடக்கே பல்லடத்தைத் தாண்டி வேலைக்குப் போய்த் திரும்பும் ஒருவரை எடுத்துக் கொள்வோம். நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் ஓட்டுகிறார். மாதத்தில் 25 நாள் வேலை. ஆக 2,000 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தால் 40 லிட்டர் பெட்ரோல் வேண்டும். கணக்குக்கு எளிதாக லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் மாதம் 4,000 ரூபாய் ஆகிறது. அவருடைய நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், 25 நாள் உழைப்பில் எட்டு நாள் உழைப்பு வேலைக்குப் போய் வருவதற்கே செலவாகிவிடுகிறது!

அதே வண்டி லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுத்தால் பெட்ரோல் 33 லிட்டர் சொச்சம். மாதம் 650 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஒரு நாள் கூலிக்கும் அதிகமான தொகை அது. "ஒன்றரை ஷிப்ட்" பார்த்து, இரவு நேரங்கழித்து வீடு திரும்புகிற தொழிலாளி அந்தத் தொகைக்காகத்தான் கூடுதல் மணி நேரம் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்பது சின்ன விஷயமல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

இது ஒரு தனி மனிதருடைய கணக்கு மட்டுமல்ல. பெட்ரோல் யாருக்குச் செலவாகிறது என்று மத்திய பெட்ரோலிய இலாகாவின் சார்பில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2014-ல் வெளிவந்தது. நாட்டில் விற்பனையாகும் பெட்ரோலில் 61 சதவிகிதத்துக்கு மேல் இருசக்கர வண்டிகளுக்கே போகிறது, கார்களுக்கு 34 சதவிகிதந்தான் என்று அது கூறியது. பெட்ரோலைப் பணக்காரர்களின் பொருள் என்று நினைத்து வரி போட்ட காலம் ஒன்று உண்டு. அந்த நினைப்பு எப்போதோ பொய்யாகிவிட்டது.

நூறு சி.சி. செய்த புரட்சி

லிட்டருக்கு 50, 60 என்ற எண்ணிக்கை வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1955 முதல் சென்னையில் தயாரான என்பீல்டு புல்லட்டும், பின்னால் வந்த ராஜ்தூத், ஜாவா வண்டிகளும் உறுதிக்குப் பேர் போனவை, சிக்கனத்துக்கு அல்ல. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தி விலை பல மடங்கு உயர்ந்தபோதுதான் உலகம் விழித்துக் கொண்டது. பெட்ரோலியச் சிக்கனத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சிச் சங்கத்தை நமது சர்க்கார் 1978-ல் அமைத்தது.

1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. இரண்டு பேர் உட்காரலாம், மூட்டையும் வைக்கலாம். அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டிகள் இன்றும் திருப்பூர் வீதிகளில் நூல் கோன்களையும் துணிக் கட்டுகளையும் மலைபோல் சுமந்து போவதைக் காணலாம். கறிக்கோழியும் இளநீரும் பால் கேனும்கூட அதில்தான் சவாரி செய்கின்றன.

1984 முதல் 1986 வரை ஜப்பானியக் கூட்டுறவோடு நூறு சி.சி. மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சுசுகி, யமஹா, கவாசாகி மூன்றும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள். ஹோண்டாவின் கூட்டில் 1985-ல் வந்த சி.டி. 100 மட்டும் போர்-ஸ்ட்ரோக். வேகத்தில் டூ-ஸ்ட்ரோக் முந்தியது. ஆனால் அந்த எஞ்சினில், புதிதாக உள்ளே வரும் பெட்ரோல் கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு புகையாக வெளியே போய்விடும். பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். போர்-ஸ்ட்ரோக்கில் கலவை உள்ளே வருவதும் புகை வெளியே போவதும் வால்வுகளின் வழியாகத் தனித்தனியே நடப்பதால் அந்த நஷ்டம் கிடையாது. "ஊற்று, மூடு, மறந்துவிடு" என்ற பாணியில் செய்த விளம்பரம் வீண் போகவில்லை. பந்தயத்தில் வேகமான வண்டி தோற்று, சிக்கனமான வண்டி ஜெயித்தது. மாசுக் கட்டுப்பாடு இறுகிய பிறகு டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் மெல்ல மறைந்தன.

இடையில் நம் சென்னை என்பீல்டு தொழிற்சாலை ஒரு விசித்திரமும் செய்தது. டீசலில் ஓடும் மோட்டார் சைக்கிளைத் தயாரித்து 1990-களில் விற்றது. ஓட்டம் மந்தம், சத்தம் பம்புசெட் போல. ஆனாலும் சிக்கனம் அபாரம் என்பதால் விவசாயிகள் விரும்பி வாங்கினார்கள். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்ததும் அதுவும் நின்றுபோயிற்று.

கடைசி மாறுதல் 2020 ஏப்ரல் 1-ல் வந்தது. பாரத் ஸ்டேஜ் 6 என்ற கட்டுப்பாடு அமலுக்கு வந்ததால் கார்புரேட்டர் போய், எத்தனை துளி பெட்ரோல் வேண்டுமென்பதைக் கணக்கிட்டுப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் முறை வந்தது. வண்டியின் விலை கூடியது, புகை குறைந்தது, பெட்ரோலும் ஓரளவு மிச்சமாயிற்று. ஆக, எஞ்சினைச் செய்கிறவர்கள் நாற்பது வருஷங்களில் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

விளம்பரத்தில் ஒன்று, சாலையில் ஒன்று

"கம்பெனிக்காரன் 70 என்கிறான், எனக்கு 52 தான் கொடுக்கிறது" என்ற குறை எங்கும் கேட்கிறது. இதில் மோசடி ஏதுமில்லை. மைலேஜ் பரிசோதனை கூடத்துக்குள் நடக்கிறது. வண்டி உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே ஓடுகிறது. வகுத்துவைத்த அட்டவணைப்படி வேகம் கூட்டிக் குறைக்கப்படுகிறது. அங்கே வேகத்தடை இல்லை, பின்னால் மனைவியும் முன்னால் குழந்தையும் இல்லை, ஆடிக் காற்றும் இல்லை.

ஆடிக் காற்று என்று சும்மா சொல்லவில்லை. பாலக்காட்டுக் கணவாயின் வழியாக மேற்கேயிருந்து வரும் காற்று உடுமலை வட்டாரத்தில் எப்படி வீசும் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்கு மேற்கு நோக்கிப் போகும் ஒருவர் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறார், எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக் கொள்வோம். வண்டிக்கு அது 80 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கப்படி ஏறும். அதாவது வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். இந்த உதாரணத்தில் எதிர்ப்பு இரண்டரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. போகும்போது 45-ம் திரும்பும்போது 60-ம் கொடுத்தால் வண்டியில் கோளாறு என்று மெக்கானிக்கிடம் போக வேண்டியதில்லை. வேகமும் காற்றுந்தான் காரணம்.

எத்தனால் வந்த கதை

இதுவரை சொன்னவை பழைய சங்கதிகள். 2025-ல் நாடெங்கும் சர்ச்சையைக் கிளப்பிய புதிய சங்கதி, பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால்.

எத்தனால் என்பது கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கப்படும் எரிசாராயம். பெட்ரோலில் 10 சதவிகிதம் கலக்கும் இலக்கு 2022 ஜூனில் எட்டப்பட்டது. 20 சதவிகிதம் 2030-ல் என்று முதலில் திட்டமிட்டிருந்தார்கள். பிறகு அதை முன்னுக்கு இழுத்து, 2025-லேயே எட்டிவிட்டார்கள். நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதில் ஒரு பங்கை நம் வயலிலேயே விளைத்துக் கொள்வது நல்ல யோசனை என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் எத்தனாலுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் சூட்டுச் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால், சுத்தமான பெட்ரோலோடு ஒப்பிடும்போது அந்த லிட்டரில் 7 சதவிகிதம் சக்தி குறைகிறது. இந்தக் குறை முழுவதும் சாலையில் தெரியாது. எத்தனாலின் வேறு சில நல்ல குணங்கள் அதில் ஒரு பகுதியை ஈடு செய்யும். நிதி ஆயோக்கின் நிபுணர் குழு 2021-ல் தந்த அறிக்கையில், பழைய முறையில் அமைந்த இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவிகிதம் மைலேஜ் குறையும் என்று மதிப்பிட்டிருந்தது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய இலாகா வெளியிட்ட விளக்கத்திலும், புதிய கலவைக்கென அமையாத வண்டிகளுக்கு 3 முதல் 6 சதவிகிதம் வரை குறையலாம் என்று ஒப்புக் கொண்டது. கலவையில்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று போடப்பட்ட மனுவை 2025 செப்டம்பர் 1-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது.

3, 4 சதவிகிதம் அற்பம் என்று டில்லியில் தோன்றலாம். குடிமங்கலத்துக்காரர் கணக்கில் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 50 கொடுத்த வண்டி 48 சொச்சம் கொடுக்கும். மாதம் ஒரு லிட்டருக்கு மேல் கூடுதல் பெட்ரோல்; சுமார் 125 முதல் 165 ரூபாய். வருஷத்துக்கு 1,500 முதல் 2,000 ரூபாய். மூன்று, நான்கு நாள் கூலி.

இலாகாவின் விளக்கத்தில் இன்னொரு வரியும் உண்டு. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம், செலவு கொஞ்சந்தான் என்கிறது அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை எடுக்கிறவருக்கு 20,000 கிலோமீட்டர் என்பது பல வருஷம். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிற தொழிலாளிக்கு அது பத்தே மாதம்! ஒரே விதி இருவரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை.

கரும்பும் சோளமும் கோழியும்

இதில் வில்லன் யார் என்று தேடினால் கிடைக்கமாட்டார். உடுமலை வட்டாரத்தை மட்டும் பார்த்தாலே இது விளங்கும்.

மடத்துக்குளம் பக்கம் கிருஷ்ணாபுரத்தில் உள்ள அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு வடிசாலையும் உண்டு. கரும்புக்குச் சர்க்கரை விலையை மட்டும் நம்பியிருந்தால் ஆலை பாக்கி வைக்கும், விவசாயி அலைய வேண்டியிருக்கும் என்பது அமராவதிப் பாசனக்காரர்களுக்குப் புதிதல்ல. எத்தனாலுக்கு நிச்சயமான விலை இருந்தால் ஆலைகளுக்கு மூச்சு வரும். அடுத்து மக்காச்சோளம். எத்தனால் ஆலைகள் சோளத்தை வாங்கத் தொடங்கியதும் அதன் விலைக்கு ஒரு பிடிமானம் வந்தது. பி.ஏ.பி. வாய்க்கால் தண்ணீரில் சோளம் போடும் விவசாயிக்கு இது நல்ல செய்திதான்.

ஆனால் அதே சோளந்தான் கோழித் தீவனம். பல்லடமும் உடுமலையும் கறிக்கோழிக்குப் பேர் பெற்ற இடங்கள். சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு, எத்தனாலுக்கு அது திரும்பியதும் 2024-ல் இறக்குமதி செய்யத் தொடங்கியது. தீவனம் ஏறினால் பண்ணைக்காரர் தவிக்கிறார். கறி விலையும் ஏறுகிறது.

ஒரே கிராமத்தில், சில சமயம் ஒரே வீட்டில், அப்பா சோளம் போடுகிறார், அண்ணன் கோழிப் பண்ணை வைத்திருக்கிறார், தம்பி பனியன் கம்பெனிக்கு வண்டியில் போகிறார். எத்தனாலால் முதலாமவருக்கு லாபம், இரண்டாமவருக்கு நஷ்டம், மூன்றாமவருக்குப் பெட்ரோல் செலவு கூடுதல். இந்த மூன்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் திட்டம் நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க வேண்டும்.

நியாயம் எங்கே பிசகுகிறது? சரக்கின் சக்தி குறைந்தால் விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும் என்பது சந்தை வழக்கம். தண்ணீர் கலந்த பாலுக்கு யாரும் முழு விலை கொடுப்பதில்லை. கலப்புப் பெட்ரோலுக்குச் சலுகை விலை வேண்டுமென்று 2021 அறிக்கையே யோசனை சொல்லியிருந்தது. அதன் பிறகு எத்தனால் கொள்முதல் விலை ஏறி, 2025 ஜூலைக் கடைசியில் போக்குவரத்தும் வரியும் சேர்த்துச் சராசரி லிட்டர் 71 ரூபாய் 32 காசு ஆகிவிட்டது, ஆகவே குறைக்க வழியில்லை என்பது இலாகாவின் பதில். விவசாயிக்கு நல்ல விலை கொடுப்பது தேசக் கடமை. அதில் தகராறு இல்லை. ஆனால் அந்தக் கடமையின் பாரத்தை அதிக தூரம் ஓட்டுகிற ஏழையின் தலையில் மட்டும் ஏற்றலாமா என்பதே கேள்வி.

ரஷ்ய எண்ணெயும் திருப்பூர் பனியனும்

பெட்ரோலுக்கும் பனியனுக்கும் வேறொரு விதத்திலும் முடிச்சு விழுந்தது. 2022-ல் உக்ரைன் யுத்தம் மூண்ட பிறகு ரஷ்யா சலுகை விலையில் எண்ணெய் விற்க முன்வந்தது. அதுவரை நம் இறக்குமதியில் 2 சதவிகிதம்கூட இல்லாத ரஷ்ய எண்ணெய், இரண்டே வருஷங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வளர்ந்தது. அந்த எண்ணெயை வாங்கியதற்குத் தண்டனை என்று சொல்லி, 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியச் சரக்குகளின் மீது அமெரிக்கா 25 சதவிகிதம் கூடுதல் வரி போட்டது. முன்பு போட்ட 25-ஐயும் சேர்த்து 50 சதவிகிதம் ஆயிற்று.

திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. ஆர்டர்கள் தயங்கின. ஓவர்டைம் குறைந்தது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்குச் சகாய விலையில் கிடைத்த கச்சா எண்ணெயின் பெயரால் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவருடைய வேலைக்கு ஆபத்து வந்தது. சகாய விலையின் பலன் அவருடைய டாங்கிக்கு வந்து சேர்ந்ததா என்றால், பங்க் விலை அப்படியேதான் நின்றது. 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைந்ததோடு சரி. 2025 ஏப்ரலில் மத்திய கலால் வரி 2 ரூபாய் கூட்டப்பட்டு லிட்டருக்கு 21 ரூபாய் 90 காசு ஆனது. பங்க் விலை ஏறவில்லை என்றாலும், உலகச் சந்தை இறங்கிய பலன் சர்க்கார் கஜானாவுக்குப் போயிற்று.

இது புதிய பழக்கமல்ல. 2020-ல் கொரோனாக் காலத்தில் கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்கு வந்தபோது, மார்ச்சிலும் மே மாதத்திலும் சேர்த்துப் பெட்ரோல் மீது லிட்டருக்கு 13 ரூபாய் வரி ஏற்றினார்கள். 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் 5 ரூபாயும் 8 ரூபாயுமாகத் திரும்ப இறக்கினார்கள். தமிழக சர்க்கார் 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்தது. விலை ஏறும்போது மக்களுக்கு உடனே தெரிகிறது. இறங்கும்போது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

ஓட்டுகிறவர் கையில் இருப்பது

உலக அரசியலை உடுமலையிலிருந்து மாற்ற முடியாது. ஆனால் சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன.

முதலாவது வேகம். சாதாரண நூறு சி.சி. வண்டிக்கு மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் சிக்கனமான வேகம். அதைத் தாண்டினால் காற்றோடு மல்லுக்கட்டுவதற்கே பெட்ரோல் போகும். இரண்டாவது டயர் காற்று. வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். செலவு அநேகமாக ஒன்றுமில்லை. மூன்றாவது ஏர் பில்டர். பஞ்சுத் தூசி பறக்கும் மில் வாசல்களிலும் மண் சாலைகளிலும் நிற்கிற வண்டிகளுக்கு அது சீக்கிரம் அடைத்துக் கொள்ளும். செயின் இறுக்கமும், பிரேக் உரசாமல் சக்கரம் தாராளமாகச் சுழல்வதும் நான்காவது.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு ஓட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெரும்பாலானவை, கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டால் பெட்ரோலை அடியோடு நிறுத்திக் கொள்ளும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சினை ஓட வைக்கப் பெட்ரோல் செலவாகும். மறையூரிலிருந்து சின்னாறு வழியாக மலை இறங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் பெட்ரோலும் மிச்சம், உயிருக்கும் பாதுகாப்பு.

வண்டி எத்தனை கொடுக்கிறது என்பதையும் சரியாகக் கணக்கிட வேண்டும். மீட்டரில் காட்டும் எண்ணை நம்பாமல், டாங்கியை நிரப்பி, நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தைப் பிடித்த பெட்ரோலால் வகுத்தால் உண்மை தெரியும். தினமும் நூறு ரூபாய்க்குப் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு கடைசி வரை பிடிபடாது.

காற்றாலை நிழலில்

மின்சார ஸ்கூட்டர் இதற்கெல்லாம் விடையாகுமா? எண்களைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட் போதும். 2,000 கிலோமீட்டருக்கு 70 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 560 ரூபாய்தான். 4,000 எங்கே, 560 எங்கே! உடுமலையைச் சுற்றிக் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுற்றுகின்றன. பெட்ரோல் வண்டிக்கு எதிரியான அதே ஆடிக் காற்று மின்சாரமாகி வண்டியை ஓட்டும் என்பது நினைக்கவே சந்தோஷமான விஷயம். ஓசூரும் கிருஷ்ணகிரியும் நாட்டின் மின்சார ஸ்கூட்டர் தொழிலுக்கே கேந்திரமாகிவிட்டன.

தடைகளும் இருக்கின்றன. ஒரு தடவை சார்ஜ் செய்தால் நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியை நாளும் 80 கிலோமீட்டர் ஓட்டினால், பாட்டரி தளர்ந்த பிறகு பாதி வழியில் நிற்க வேண்டி வரும். பாட்டரி மாற்ற ஆகும் செலவு பெரிது. வண்டி விலையும் தவணை வட்டியும் அதிகம். மத்திய சர்க்காரின் மானியம் 2023 ஜூனில் குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22-ல் 350 சி.சி. வரையுள்ள பெட்ரோல் வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவிகிதமாக இறங்கியதும் விலை வித்தியாசம் இன்னும் கூடியது. 2024-25-ல் நாட்டில் விற்ற இருசக்கர வண்டிகள் இரண்டு கோடியை நெருங்கின. அவற்றில் மின்சார வண்டிகள் பதினோரு லட்சத்துக்குச் சற்று அதிகம். ஆகவே இன்னும் பல வருஷங்களுக்குப் பெட்ரோல் மைலேஜ்தான் தொழிலாளியின் கவலையாக இருக்கும்.

செய்ய வேண்டியது என்ன?

சர்க்கார் செய்யக்கூடியவை நான்கு.

ஒன்று: குளிர்பதனப் பெட்டிக்கு நட்சத்திரக் குறி ஒட்டுவதுபோல், ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் மைலேஜ் சீட்டு கட்டாயமாக வேண்டும். 20 சதவிகித எத்தனாலில் எத்தனை கொடுக்கும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். கார்களுக்கு எரிபொருள் சிக்கனச் சட்டம் 2017-ல் வந்தது. பெட்ரோலில் பெரும் பங்கைக் குடிக்கும் இருசக்கர வண்டிகளை அதில் சேர்க்காமல் விட்டது சரியல்ல.

இரண்டு: சக்தி குறைந்த பெட்ரோலுக்கு அதற்குத் தக்க விலை. எத்தனால் விலையைக் குறைக்க முடியாவிட்டால் வரியைக் குறைக்கலாம். 4 சதவிகித நஷ்டத்துக்கு லிட்டருக்கு 4 ரூபாய் இறக்கினால் போதும்; கணக்கு நேராகிவிடும்.

மூன்று: பஸ். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் கிடைத்தது. அதனால் எத்தனையோ குடும்பங்களில் ஒருவருடைய போக்குவரத்துச் செலவு அடியோடு மிச்சமாயிற்று. ஆனால் வெளியூர் பஸ்களுக்கு அது பொருந்தாது. ஷிப்ட் விடும் நேரத்துக்குப் பல்லடத்திலிருந்தும் திருப்பூரிலிருந்தும் உடுமலைப் பக்கம் போதுமான பஸ்கள் இருந்தால், இரவு ஒன்பது மணிக்குத் தூக்கக் கண்ணோடு ஐம்பது கிலோமீட்டர் வண்டி ஓட்ட யாரும் விரும்ப மாட்டார்கள். சிக்கனமான மோட்டார் சைக்கிளையும்விட ஐம்பது பேரை ஏற்றிப் போகும் பஸ் சிக்கனம்.

நான்கு: மின்சார வண்டிக்குக் கம்பெனி வாசலிலேயே சார்ஜ் வசதியும், பாட்டரிக்குக் கூட்டுறவு பாங்கியில் குறைந்த வட்டிக் கடனும். வேலை நேரத்தில் எட்டு மணி நேரம் வண்டி சும்மாதான் நிற்கிறது.

எண்ணெயில் சிக்கனம் வேண்டுமென்று ஐம்பது வருஷமாக மக்களுக்கு உபதேசம் செய்து வருகிறோம். உடுமலைத் தொழிலாளிக்கு அந்த உபதேசம் தேவையில்லை. வேறு யாரையும்விட அவர் சிக்கனமாகத்தான் ஓட்டுகிறார். அவர் மிச்சம் பிடித்த லிட்டரின் பலன் வரியாகவும் கலவையாகவும் கைமாறிப் போகாமல் அவருடைய வீட்டுக்கே போய்ச் சேர வேண்டும். கூலி உயர்வுக்கு எத்தனை அக்கறை காட்டுகிறோமோ, அத்தனை அக்கறையை இதற்கும் காட்ட வேண்டும். இரண்டும் ஒரே பணந்தான்.